எழுதியவரே பணமும் கட்ட வேண்டும்!

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். விஞ்ஞான உலகத்தில் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது.

"நியூரோஇமேஜ்" என்று ஒரு விஞ்ஞானப் பத்திரிகை. மனித மூளையைப் படம் பிடித்து ஆராய்கிறவர்கள் அதில் எழுதுவார்கள். அந்தத் துறையில் அதற்குப் பெரிய பெயர். அதில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் எழுதியவருக்கு மதிப்புக் கூடும்.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் 40-க்கும் அதிகமான விஞ்ஞானிகள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள்!

சம்பளத் தகராறா? இல்லை. பதவிச் சண்டையா? அதுவும் இல்லை. கட்டுரை எழுதுகிறவர்களிடம் வாங்கும் பணத்தைக் குறைக்கும்படி கம்பெனியைக் கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. வெளியேறிவிட்டார்கள்.

ஒரு கட்டுரைக்கு வாங்கிய பணம் 3,450 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

இது வாசகர் கொடுக்கும் சந்தா அல்ல. எழுதியவர், தம் கட்டுரை வெளிவருவதற்காகக் கட்டும் கட்டணம்!

சமைத்தவரிடமே காசு

பத்திரிகைக்குக் கதை எழுதினால் சன்மானம் வரும். கவிதை எழுதினாலும் ஏதோ கொஞ்சம் வரும். விஞ்ஞானப் பத்திரிகைகளில் அந்த வழக்கம் கிடையாது.

ஒரு விஞ்ஞானி இரண்டு, மூன்று ஆண்டு பாடுபட்டு ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அதற்கான செலவை அரசாங்கமோ பல்கலைக்கழகமோ கொடுக்கிறது. அவர் அதைக் கட்டுரையாக எழுதி அனுப்புகிறார். பத்திரிகை அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு, மூன்று பேருக்கு அனுப்பி, "இது சரியா, தவறா?" என்று கேட்கிறது. அவர்கள் இராக் கண் விழித்துப் படித்துத் திருத்தம் சொல்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அவர்களுக்குக் காலணா கிடையாது.

வீட்டு அரிசியில் ஒருவர் சமைக்கிறார். இன்னொருவர் இலவசமாக ருசி பார்த்து உப்பு, காரம் சொல்கிறார். பாத்திரத்தை ஓட்டலுக்கு எடுத்துப் போனால், "பரிமாற வேண்டுமானால் நீயே பணம் கட்டு" என்கிறார் முதலாளி. இப்படித்தான் இருக்கிறது கதை.

முன்பு இப்படி இல்லை. அப்போது சாப்பிடுகிறவர் பணம் கொடுத்தார். அதாவது, கல்லூரி நூலகங்கள் சந்தா கட்டின. சந்தா ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. பெரிய பல்கலைக்கழகங்களே சில பத்திரிகைகளை நிறுத்த வேண்டி வந்தது. சாதாரண ஊரில் இருக்கும் டாக்டருக்கோ, ஆசிரியருக்கோ அந்தக் கட்டுரைகள் கண்ணில் படவே இல்லை.

நல்ல எண்ணம்தான்!

2001-ம் ஆண்டு டிசம்பரில் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் சிலர் கூடிப் பேசினார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 2002 பிப்ரவரியில் அதை அறிக்கையாக வெளியிட்டார்கள். உலகம் பாராட்டியது.

படிப்பவர் கொடுக்காவிட்டால் செலவை யார் கொடுப்பது? "எழுதுகிறவரின் ஆராய்ச்சிப் பணத்தில் இருந்து எடுக்கலாமே" என்று ஒரு வழி பிறந்தது. லாப நோக்கம் இல்லாமல் அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய "பிளாஸ் பயாலஜி" என்ற பத்திரிகை, ஒரு கட்டுரைக்கு 1,500 டாலர் கேட்டது.

பெரிய கம்பெனிகள் இதைக் கவனித்தன. வாசல் ஒன்று அடைபட்டால் இன்னொரு வாசல்! சந்தாவும் வந்தது, கட்டணமும் வந்தது. புகழ்பெற்ற "நேச்சர்" பத்திரிகை 2021 ஜனவரியில் வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைக்கு அது 8 லட்சம் ரூபாய்க்கு மேல். (கட்டாயம் இல்லை. பணம் கட்டாமலும் அதில் எழுதலாம். ஆனால் அந்தக் கட்டுரையைச் சந்தா கட்டியவர்தான் படிக்க முடியும்.)

ஏழரை மாதச் சம்பளம்

பணக்கார நாடுகளில் இந்தக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமோ, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனமோ கட்டிவிடும். நம் நாட்டில்?

இந்தியாவில் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை, 2023 ஜனவரி முதல், மாதம் 37,000 ரூபாய். "நியூரோஇமேஜ்" கட்டணத்தை அவரே கட்டுவதானால் ஏழரை மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருக்க வேண்டும்!

ஏழை நாடுகளுக்குச் சலுகை உண்டு. மிகவும் ஏழையான நாடுகளுக்குக் கட்டணமே இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியாவைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. பெரிய கம்பெனிகள் தனி மனிதரின் வருமானத்தோடு நாட்டின் மொத்த வருமானத்தையும் பார்க்கின்றன. இந்தியா பெரிய நாடு. மொத்தக் கணக்கும் பெரிது. ஒரு சிறிய கல்லூரியின் ஆராய்ச்சியாளர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று அந்தக் கணக்குச் சொல்லாது.

இந்தத் தவிப்பைப் பார்த்துப் போலிகளும் புறப்பட்டன. பணத்தைக் கட்டினால் போதும், எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் பத்திரிகைகள்! பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலில் இருந்து 4,305 பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கியது.

மத்திய அரசு 2024 நவம்பரில், "ஒரே நாடு, ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசாங்கக் கல்வி நிலையங்களில் இருப்பவர்கள் சுமார் 13,000 பத்திரிகைகளைப் படிக்கலாம். இது பெரிய உதவி. ஆனால் இது படிப்பதற்கு. எழுதுகிறவர்களின் கட்டணத்துக்கு உதவ ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் வரை கொடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. கட்டுரைக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் என்று வகுத்துப் பாருங்கள். ஐயாயிரத்துச் சொச்சம் கட்டுரைதான் வரும். இந்தியர்கள் ஆண்டுதோறும் எழுதுவதோ லட்சத்துக்கும் மேல்!

பெயருக்குத்தான் விலை

காசு வாங்காத நல்ல பத்திரிகையே இல்லையா? இருக்கிறது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1934-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞான அகாடமியைத் தொடங்கினார். அதன் பத்திரிகைகளில் கட்டணம் இல்லாமல் எழுதலாம்.

பிறகு ஏன் எல்லோரும் அங்கே போகவில்லை? வேலை கொடுக்கிறவர்கள், "எந்தப் பத்திரிகையில் வந்தது?" என்று கேட்கிறார்கள். பதவி உயர்வு கொடுக்கிறவர்களும் அதையே கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பெரிய பெயராக இருந்தால் நாற்காலி போடுகிறார்கள். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அப்புறம்தான். அந்தப் பெயருக்குத்தான் இத்தனை விலை.

மூளை விஞ்ஞானிகளுக்கும் கம்பெனிக்கும் நடந்த வாதமும் இதைப் பற்றியதுதான். கட்டணத்தை 2,000 டாலருக்குக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள் விஞ்ஞானிகள். தரத்தைப் பார்த்தால் தங்கள் கட்டணம் சந்தை விலையைவிடக் குறைவுதான் என்றது எல்செவியர் கம்பெனி. அதன் தாய்க் கம்பெனி விஞ்ஞானப் பத்திரிகைகளிலும் மருத்துவ வெளியீடுகளிலும் 2022-ல் அடைந்த லாபம், 100 ரூபாய் வரவுக்கு ஏறக்குறைய 38 ரூபாய்!

வெளியே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "இமேஜிங் நியூரோசயின்ஸ்" என்று புதிய பத்திரிகையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அச்சகம் அதை வெளியிடுகிறது. தொடங்கும்போது கட்டணம் 1,600 டாலர். பழையதில் பாதிக்கும் குறைவு. வசதி குறைந்த நாட்டு விஞ்ஞானிகளுக்குக் கட்டணம் இல்லை என்றும் அறிவித்தார்கள்.

பழைய "நியூரோஇமேஜ்" என்ன ஆயிற்று? நின்றுவிடவில்லை. கம்பெனி வேறு ஆசிரியர்களை நியமித்தது. பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. பணம் கட்டி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.