காதில் ஆடும் கறுப்பு மஞ்சள் டாக்சி

மும்பை புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாலை நேரத்தில் மனிதர்களின் முகம் தெரியாது. கைதான் தெரியும். கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரத்தில் ஒரு கை நுழையும், பணம் வைக்கும், டிக்கெட்டை எடுக்கும், மறையும். கிரீஸ் படிந்த கை, மருதாணி இட்ட கை, மீன் கூடை சுமந்த கை என்று கையை வைத்தே ஆளை ஊகிக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் மாதப் பாஸ் பற்றி விசாரிக்க ஓர் இளம்பெண் குனிந்தார். அவருடைய இரு காதுகளிலும் இரண்டு சின்ன டாக்சிகள் ஆடின. கறுப்பு உடல், மஞ்சள் கூரை, கட்டைவிரல் நகம் அளவு. மேலே சாமான் வைக்கும் கம்பிகூட இருந்தது.

"டாக்சியைக் காதில் மாட்டிக்கொண்டு ரயிலில் போகிறீர்களே!" என்று இந்தியில் கேட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"டாக்சிக்குக் காசு ஏது? இதை விற்றுத்தான் பாஸ் வாங்குகிறேன்" என்றார்.

சில நாள் கழித்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மறுபடியும் வந்தார். இம்முறை விசித்திரமான கோரிக்கை. "பழைய அட்டை டிக்கெட் ஒன்று கிடைக்குமா?"

ரயில்வே ஊழியர் கண்ட அட்டை

கம்ப்யூட்டர் டிக்கெட் வருவதற்கு முன் இருந்த அந்த அட்டையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமார் இரண்டேகால் அங்குல நீளம். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஏறும் ஊர், இறங்கும் ஊர், கட்டணம், வரிசை எண் எல்லாம் அதற்குள் அடங்கும். கிளார்க் அதை ஓர் இரும்புக் கருவியில் செருகி 'டக்' என்று தேதி குத்திக் கொடுப்பார்.

அதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன். மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், 1830-களில் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து ஸ்டேஷன் மாஸ்டரானவர். ஒவ்வொரு டிக்கெட்டையும் கையால் எழுதிக் கொடுக்கும் தொல்லை தாங்காமல்தான் அச்சிட்ட அட்டையை யோசித்தார். தினமும் தாம் பட்ட அவஸ்தையிலிருந்து பிறந்த அந்த வடிவம் உலகத்தின் பாதி ரயில்களில் ஓடியது.

ஆபீஸ் பொருளைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் கல்யாணப் பயணத்தின் டிக்கெட்டை டைரிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதை அந்தப் பெண்ணுக்குக் காட்டச் செய்தேன். ஸ்கேலால் அளந்து, பென்சிலால் வரைந்துகொண்டு போனார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தெருவே பாடப் புத்தகம்

அவர் பரேல் பக்கத்து மராத்திக் குடும்பம். தாத்தா மில் தொழிலாளி. 1982-ல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை இழந்தவர். பேத்தி எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. தானே வரைகிறார், தானே ஆள் பிடித்துச் செய்விக்கிறார், தானே விற்கிறார். இத்தகைய சுதந்திர டிசைனர்கள் மும்பையில் இன்று பலர் உண்டு. துணியிலும் நகையிலும் மயிலும் மாங்காயும் போட்ட காலம் போய், டாக்சியும் டப்பாவாலா தூக்கும் சாப்பாட்டுக் கேரியரும், அரை டீ குடிக்கும் கண்ணாடி கிளாசும், ரயிலில் தொங்கும் கைப்பிடியும் இவர்கள் கையில் கம்மலாகவும் பதக்கமாகவும் மாறுகின்றன.

1999-ல் தொடங்கிய காலா கோடா கலை விழாவில் ஆண்டுதோறும் இவர்களுடைய கடைகளைப் பார்க்கலாம். 2015-ல் சங்கேத் அவ்லானி என்ற டிசைனர் தொடங்கிய 'டாக்சி பேப்ரிக்' முயற்சி இன்னும் புதுமை. இளம் ஓவியர்கள் நகரத்துக் காட்சிகளை வரைந்து துணியில் அச்சிட்டு, டாக்சிகளின் சீட்டிலும் கூரையிலும் தைத்துக் கொடுத்தார்கள். தெருவைப் பார்த்து வரைந்த படம் தெருவிலேயே ஓடியது!

ஆனால் தெரு மாறிக்கொண்டே இருக்கிறது. பி.இ.எஸ்.டி.யின் பழைய டீசல் இரட்டை மாடிப் பஸ் 2023 செப்டம்பரில் ஓட்டத்தை நிறுத்தியது. அடுத்த மாதமே பிரீமியர் பத்மினி டாக்சியும் விடைபெற்றது. டாக்சிக்கு இருபது ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. கடைசிப் பத்மினி 2003 அக்டோபரில் பதிவானது. சாலையிலிருந்து போன பிறகுதான் தம்முடைய டாக்சிக் கம்மல் அதிகம் விற்றது என்றார் அந்தப் பெண்.

இருபது ஜோடி செய்ய இருநூறு நடை

வரைவது எளிது, செய்வதுதான் பாடு. முதலில் பித்தளைத் தகட்டில் படத்தை ஒட்டி, நூல் போன்ற ரம்பத்தால் அறுத்தெடுத்து, அரத்தால் விளிம்பைத் தேய்க்கிறார்கள். பிறகு கொக்கியைப் பற்றவைத்து, முலாம் பூசி, நிறம் தீட்டுகிறார்கள். நிறைய வேண்டுமானால் ஒரு மாதிரியிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு வார்த்து, மெழுகைச் சுற்றி மாவு பூசிச் சுட்டு, உருகி வெளியேறிய மெழுகின் இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். நம் ஊர்ப் பஞ்சலோகச் சிலை வார்க்கும் முறையின் தம்பிதான் இது.

ஜவேரி பஜார், புலேஷ்வர் சந்துகளில் இந்த வேலைக்குப் பட்டறைகள் உண்டு. வேலை செய்பவர்களில் வங்காளத்துக்காரர்கள் ஏராளம். ஆனால் பட்டறைக்காரர் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கேட்பார். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது இருபது ஜோடி. "நாளைக்கு வா" என்பார்கள். நாளை என்பது ஒரு மாதம் ஆகும். இதற்கிடையில் அவருடைய டாக்சி போலவே ஒன்று மட்டமான தகட்டில் நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு வந்துவிட்டது. அதை வாங்கி வந்து என்னிடம் காட்டினார். கதவின் கோடுகூட அப்படியே இருந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் டிசைன்கள் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து ஆண்டு உரிமை கிடைக்கும். மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் வெளியே காட்டி விற்பதற்கு முன்பே பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். அவர் முதலில் விற்றுவிட்டுப் பிறகுதான் சட்டத்தைப் படித்தார்.

தாராவியில் ஓர் அண்ணாச்சி

அட்டை டிக்கெட்டின் ரகசியம் பிறகுதான் வெளிப்பட்டது. டிக்கெட் வடிவத்தில் தோல் பர்ஸ் செய்யப் போவதாகவும், தாராவியில் நல்ல கைக்காரர் யாரையாவது தெரியுமா என்றும் கேட்டார். தாராவித் தமிழனிடம் இதைக் கேட்கலாமா? அன்று மாலையே அழைத்துப் போனேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள்தான் அந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிட்டார்கள். பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிய பின்னும் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்தபோது தோல் வரத்துக் குறைந்து பலர் தடுமாறினார்கள். அந்தச் சமயத்தில்தான் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர், தாராவித் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு தோலுக்குப் பதில் கழிவு ரப்பரில் பைகள் செய்ய வழி கண்டார். இழிவாகச் சொல்லப்பட்ட 'சமார்' என்ற பெயரையே தம் பைகளுக்கு வைத்தார். ஏசப் பயன்பட்ட பெயர் கடைக் கண்ணாடிக்குள் மரியாதையாக உட்கார்ந்தது.

நான் அழைத்துப் போன இடத்தில் இருந்தவர் ஐம்பது வயதைக் கடந்த அண்ணாச்சி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மேலே பரண், அதற்கு இரும்பு ஏணி. டிக்கெட் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஒரு துண்டுத் தோலை எடுத்தார். விளிம்பைக் கத்தியால் சீவி, சொல்யூஷன் தடவி, மடித்துத் தட்டி, மிஷினில் ஓட்டினார். அரை மணி நேரத்தில் மாதிரி தயார். வரைந்த படத்தில் இருந்த ஒரு பிழையையும் சொல்லாமலே திருத்தியிருந்தார். பர்ஸ் திறக்கும் பக்கத்தில் கால் அங்குலம் கூட விட்டிருந்தார். அந்தப் பெண் அசந்துபோனார்.

கூலி பேசி முடிந்ததும் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு பர்சுக்குள்ளும் டிக்கெட் அளவில் ஓர் அட்டை வைக்கப் போகிறாராம். புறப்பட்ட இடம் தாராவி, வரிசை எண், அதன் கீழே தைத்தவர் பெயர்.

அண்ணாச்சி முகம் மாறியது. "பேரு எதுக்கு தம்பி? பை கிழியாம இருந்தாப் போதாதா? வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார் என்னிடம்.

பெயருக்கு ஏன் இந்தத் தயக்கம்?

பெயர் என்பது இந்தத் தொழிலில் சின்ன விஷயம் அல்ல. 2023 மார்ச் 30-ல் பிரான்சின் டியோர் நிறுவனம் நம் கேட்வே ஆப் இந்தியாவின் முன்னால் பேஷன் காட்சி நடத்தியது. மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளி எம்பிராய்டரி செய்த பெரிய தோரணம் அங்கே தொங்கியது. யார் செய்தது என்பதும் உலகுக்குச் சொல்லப்பட்டது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற செருப்பை மிலான் நகரில் மேடை ஏற்றியபோது கோலாப்பூர் பெயரே சொல்லவில்லை. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மகாராஷ்டிரத்தில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே இந்தியக் கைவேலையிலிருந்து எடுத்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெயரைச் சொல்வதற்கும் விடுவதற்கும் நடுவே ஒரு தொழிலாளியின் பிழைப்பே இருக்கிறது.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் வேறு.

"நீங்க சொல்றது வாஸ்தவம்தான். ஆனா ஊர்ல நான் கம்பெனி வேலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். தோல் வேலைன்னு தெரிஞ்சா பொண்ணு கேட்டு வாறவன் யோசிப்பான். முப்பது வருசமா மறைச்சதை ஒரு அட்டையில போடச் சொல்லுதீகளே."

நான் வாயடைத்துப் போனேன். சட்டமும் கண்காட்சியும் பேசலாம். இதற்கு என்ன பேசுவது?

பரணிலிருந்து இறங்கி வந்தாள் அவர் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். கையில் ஒரு நோட்டு. அதில் தாராவிச் சந்தின் நீல நிறத் தண்ணீர் டிரம், பரண் ஏறும் இரும்பு ஏணி, அப்பாவின் தோல் கத்தி எல்லாம் கம்மல் வடிவில் வரைந்திருந்தாள். டிசைனர் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"அப்பா, வரைஞ்சது அந்த அக்கா, அதனால அவங்க பேரு. தைக்கிறது நீங்க, அதனால உங்க பேரு. அதை மறைச்சாத்தான் என்னைப் பாக்க வருவான்னா, அவன் வரவே வேண்டாம்" என்றாள்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார்.

நம் பிள்ளைகளுக்கு வழி உண்டா?

அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து விசாரித்தேன். வாசகர்களுக்கும் பயன்படும். நவி மும்பை கார்கரில் மத்திய அரசின் தேசிய பேஷன் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பின் நுழைவுத் தேர்வு. வரையும் திறனுக்குத் தனி மதிப்பெண் உண்டு. கட்டணம் நம் சக்திக்குக் கனம்தான். உதவித் தொகை பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வி.டி. நிலையத்துக்கு அருகில் 1857-ல் தொடங்கிய ஜே.ஜே. கலைப் பள்ளி இருக்கிறது. குறைந்த செலவில் கைத்தொழில் கற்க ஐ.டி.ஐ.களில் தையல் பயிற்சி உண்டு.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு 2023-ல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம். தையல்காரர், பொற்கொல்லர், செருப்புத் தைப்பவர் உள்பட 18 தொழில்கள் அதில் அடங்கும். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், ஐந்து சத வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் கடன். குடும்பத்துக்கு ஒருவர்தான் சேரலாம். பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்கிறார்கள்.

தாராவி சீரமைப்பில் இந்தப் பட்டறைகளுக்கு எந்த இடம், எத்தனை அடி என்பதுதான் சந்துக்குச் சந்து பேச்சு. பட்டறை சிதறினால் அரை மணியில் மாதிரி தைத்துக் கொடுக்கும் கையும் சிதறும். நகரத்தைப் பார்த்து வரையும் டிசைனருக்கு அந்தக் கை வேண்டும்.

சென்ற வாரம் அந்தப் பெண் கவுண்டருக்கு வந்து பாஸுக்கான பணத்தை ஒரு டிக்கெட் பர்சிலிருந்து எடுத்தார். காதில் டாக்சி இல்லை. இரும்பு ஏணி ஆடியது. மாணவி வரைந்த ஏணிதான். அதற்குப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். கம்மல் அட்டையில் அவள் பெயரும் இருக்கிறது.

பர்சைத் துவாரத்தின் வழியே தள்ளி, "உள்ளே பாருங்கள்" என்றார். சிறிய அட்டை. தாராவி. எண் 0007. அதன் கீழே பேனாவால் நடுக்கமான தமிழ் எழுத்தில், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, அண்ணாச்சியின் முழுப் பெயர்.

அதை இங்கே நான் எழுதவில்லை. "பேப்பர்ல வேண்டாம் தம்பி, பையில இருந்தாப் போதும்" என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு பர்சு உங்கள் கைக்கு வந்தால் திறந்து படித்துப் பாருங்கள்.