ஒலிபெருக்கி வந்த பிறகுதான் முரசு வந்தது

நகரம் பெருத்தால் பழைய வாத்தியங்கள் ஓரங்கட்டப்படும் என்றுதானே நினைக்கிறோம்? நைஜீரியாவில் யொரூபா மக்களின் ஜூஜூ இசையில் நடந்தது நேர்மாறு.

1930களின் லாகோஸை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை தேடி உள்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து மீண்டு சியரா லியோனிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் திரும்பியவர்களின் வம்சாவளியினருக்கு அங்கே தனித்தனிப் பேட்டைகளே இருந்தன. அந்தக் கலவையில் துண்டே கிங் போன்ற பாடகர்கள் ஜூஜூவை வளர்த்தார்கள். ஒரு பாஞ்சோ, மணி கோத்த சுரைக்குடுக்கை, ஒரு தம்பூரின், மூன்று நான்கு பேர். அவ்வளவுதான் கச்சேரி.

முரசு ஏன் இல்லை? அதை அடித்தால் பாட்டும் கேட்காது, தந்தியும் கேட்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மைக்கும் மின்கிட்டாரும் வந்தன. குரல் அமுங்கிவிடும் என்ற பயம் போயிற்று. பேசும் முரசு உள்ளே வந்தது. உடுக்கைபோல் இடை சிறுத்த வாத்தியம் அது. அக்குளில் இடுக்கி வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். யொரூபா மொழியில் சுருதி மாறினால் பொருளே மாறிவிடும். அதனால் தேர்ந்த கைக்கு அந்த முரசில் ஒரு வாக்கியத்தையே சொல்ல முடியும். 1950களின் கடைசியில் ஐ. கே. டைரோ கிட்டாரையும் அக்கார்டியனையும் இந்த முரசோடு சேர்த்து நாடறிந்த பாடகரானார்.

முரசுக்கு நகரம் கொடுத்தது மைக்கை மட்டுமல்ல, புரவலர்களையும்தான். முன்பு அரண்மனையில் அது அரசர் புகழ் பாடியது. 1970களில் எண்ணெய்ப் பணம் புரண்டபோது ஒப்பந்தக்காரரும் வியாபாரியும் கல்யாணம், கருமாதி, பெயர்சூட்டு விழா என்று விடிய விடிய விருந்து வைத்தார்கள். ஜூஜூ பாடகர்களான எபனேசர் ஓபே, சன்னி அடே ஆகியோரின் குழுக்களில் பல கிட்டார்களோடு பல முரசுகளும் இருந்தன. விருந்தாளியின் பெயரையும் குலப்பெருமையையும் பாடகர் எடுத்துப் பாட, முரசு அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். அந்த விருந்தாளி ஆடியபடியே முன்னே வந்து, பாடகரின் வியர்த்த நெற்றியில் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார். ஊரில் புதிதாகப் பணக்காரரானவருக்கு, நாலு பேர் முன்னால் அந்தஸ்து கிடைக்கும் நேரம் அது.

நம்ப முடியவில்லையென்றால் ஃபூஜி என்ற இன்னொரு யொரூபா இசையைப் பாருங்கள். ரமலான் மாதத்தில் நோன்பாளிகளை வைகறையில் எழுப்பப் பாடிய இளைஞர்களின் இசையிலிருந்து சிக்கிரு அயிண்டே பாரிஸ்டர் அதை உருவாக்கினார். ஆரம்பத்தில் அதில் கிட்டாரே கிடையாது, குரலும் தாளமும்தான். அது வளர்ந்ததும் கிராமத்தில் அல்ல, நெரிசல் மிகுந்த நகரப் பேட்டைகளில்தான்.