பழைய மங்குச் சாமான்கள் சொல்லும் கதை

பூட்டுக்குப் பேர்போனது நம் திண்டுக்கல். இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள்களுக்குப் பேர்போனது. அங்குள்ள கடைகளில் பூப்போட்ட தட்டுகளும், கிண்ணங்களும், அடுக்குத் தூக்குகளும் குவிந்திருக்கும். இவற்றில் பலவற்றைச் செய்த தொழிற்சாலைகள் இன்று உலகில் இல்லை. அதனால்தான் இவற்றைத் தேடிச் சேர்ப்போர் இருக்கிறார்கள்.

கடல் கடந்த பொருள்கள் செட்டிநாட்டுக்கு எப்படி வந்தன? நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் தொழில் நடத்தினர். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது வெளிநாட்டுப் பாத்திரங்களையும் டஜன் கணக்கில் அடுக்கினர். 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்த தொழில் நொறுங்கியது. பிறகு குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. வீடுகள் பாகம் பிரிந்தன. சீர்ச் சாமான்கள் கடைக்கு வந்தன.

இவற்றில் இரு வகை உண்டு. பீங்கான் என்பது மண்ணைச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சிட்டது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் அரைத்த கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் உருக்கியது. சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவேக்கியாவிலிருந்தும் எனாமல் பாத்திரங்கள் ஏராளமாக வந்தன. மலாய் மொழியில் ‘பிங்கான்’ என்றால் தட்டு. ‘மங்கோக்’ என்றால் கிண்ணம். நம் வீட்டுச் சொற்களிலும் அந்தக் கடல் வாணிபத்தின் சாயல் தெரிகிறதல்லவா?

ஒரு தட்டின் வயதை எப்படி அறிவது? அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்தின்படி, 1891 முதல் அந்நாட்டில் இறங்கும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. பல தொழிற்சாலைகள் அவ்வழக்கத்தை மேற்கொண்டன. செக்கோஸ்லோவேக்கியா என்ற பெயர் இருந்தால், அது 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்நாடு பிறந்ததே அவ்வாண்டில்தான். 1992 முடிவில் அது இரண்டாகப் பிரிந்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அது 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. இவ்வாறு ஒரு சாப்பாட்டுத் தட்டு சரித்திரப் பாடம் நடத்துகிறது!

அடுத்து, பூவைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப் படமாக அச்சிட்ட பூக்கள் எல்லாத் தட்டிலும் ஒன்றுபோல் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் சிறு புள்ளிகள் தெரியலாம். கையால் வரைந்த பூவிலோ தூரிகையின் தடம் இருக்கும். ஓரிதழ் பெருத்தும் ஓரிதழ் சிறுத்தும் இருக்கும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து எர்வின் என்ற சிற்றூரில் ‘சதர்ன் பாட்டரீஸ்’ என்ற தொழிற்சாலை இருந்தது. அங்குச் சுற்றுவட்டாரப் பெண்களே தூரிகை பிடித்துத் தட்டுகளில் பூ வரைந்தார்கள். மலிவான இறக்குமதிச் சாமான்களோடும் பிளாஸ்டிக் தட்டுகளோடும் போட்டியிட முடியாமல் 1957இல் அது மூடப்பட்டது. அன்று விலை மலிவாக விற்ற அந்தத் தட்டுகளை இன்று அந்நாட்டவர் ஊர் ஊராகத் தேடி வாங்குகின்றனர்.

வீட்டில் இத்தகைய தட்டுகள் இருந்தால் அவற்றில் உணவு உண்ணலாமா? அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே நலம். பழைய பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்கள் அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. எனாமல் பாத்திரத்தில் சில்லு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். ஆகையால் ஈரமின்றித் துடைத்து வைக்க வேண்டும். தட்டுகளை அடுக்கும்போது இடையிடையே துணியோ காகிதமோ வைத்தால் கீறல் விழாது. கம்பி நாரால் தேய்த்தால் பூவே மறைந்துபோகும்.

தோழியரே! பாட்டியிடம் இருக்கும் ஒரு தட்டை எடைக்குப் போடுமுன், அது யார் சீராக வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தட்டின் அடியிலுள்ள முத்திரை நாட்டின் பெயரைத்தான் சொல்லும்; வீட்டுக் கதையைச் சொல்லப் பாட்டி ஒருவரே இருக்கிறார்.

இன்னொன்றும் எண்ணிப் பார்ப்போம். நம் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் கைவினைப் பட்டறைகள் குறைந்து வருகின்றன. எர்வின் ஊருக்கு நேர்ந்தது இங்கும் நேரலாம். பட்டறை மூடிய பின் மாங்காய்ப் பூட்டைப் பழம்பொருள் கடையில் தேடுவதைவிட, உலை எரியும்போதே அதைச் செய்பவரிடம் ஒன்று வாங்குவது மேலன்றோ?