மணலிடுக்கில் வாழும் கடல் நத்தைகள்

விசாகப்பட்டினம், மும்பை, மங்களூர் எனப் பிழைப்பின் பொருட்டு நம்மவர் சென்று குடியேறிய ஊர்களிற் பல கடற்கரைப் பட்டினங்களே. மாலை வேளையில் அங்கே காற்று வாங்க அமரும் நாம், அலை நனைத்துச் செல்லும் மணலில் ஒரு பிடிக்குள் நூற்றுக்கணக்கான பிராணிகள் குடியிருக்கக் கூடும் என்று நினைப்பதில்லை. அவற்றுள் அரிதாகவே அகப்படும் ஓர் இனத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இவை ஓடில்லாத கடல் நத்தைகள். நம் மீனவர் கடலட்டை என்று அழைப்பது முற்றிலும் வேறான பிராணி. அதனோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. மணலிடுக்கு நத்தையின் நீளம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரைதான். மணிக்கும் மணிக்கும் இடையேயுள்ள சந்தில் நுழைந்து திரிய வேண்டியிருப்பதால் உடல் புழுவைப் போல் ஒடுங்கிவிட்டது. இருளில் வாழும் பலவற்றுக்குக் கண்ணும் இல்லை. 1890ஆம் ஆண்டையொட்டிக் கருங்கடல் மணலில் இத்தகைய நத்தை ஒன்றைக் கண்டு விவரித்த ருஷ்ய அம்மையார் பெரெயஸ்லாவ்த்சேவா, அதற்குப் 'பொய்ப்புழு' என்னும் பொருள்பட 'சூடோவெர்மிஸ்' என்று பெயரிட்டார். பொருத்தமான பெயர்தான்!

நம் நாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணபதி, சந்திரசேகர ராவ் ஆகியோர் 1960களில் வால்டேர் கடற்கரை மணலை ஆராய்ந்து, அங்கும் இந்தப் பொய்ப்புழு உண்டென்று தெரிவித்தனர். இவற்றைப் பிடிக்கும் முறை எளியது. மக்னீசியம் குளோரைடு கரைத்த நீரை மணலில் ஊற்றினால் பிராணிகள் மயங்கி, மணலைப் பற்றிய பிடியை விட்டுவிடும். அந்நீரை நுண்ணிய சல்லடையில் வடித்து, எஞ்சியதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பார்க்கவேண்டும்.

கடல் அசுத்தத்தை அறிய இந்த அற்பப் பிராணி எவ்வாறு உதவும்? மீனுக்கு நீர் பிடிக்கவில்லையென்றால் நீந்திப் போய்விடும்; இந்த நத்தைக்குப் போக்கிடமில்லை. மென்மையான தோலுக்கு மேல் காப்பாக ஓடும் இல்லை. முட்டைகளும் சிலவே, பல இனங்களின் குஞ்சுகள் நெடுந்தூரம் மிதந்து செல்வதில்லை. ஆகவே ஒரு கரையில் இவை அழிந்தால், மீண்டும் குடியேற நெடுங்காலம் ஆகலாம்.

மணலில் மூச்சுவிடுவதற்கு வேண்டிய பிராணவாயு, அலைநீர் இடுக்குகளில் புகுந்து வெளியேறுவதால் கிடைக்கிறது. சாக்கடை நீரும் வண்டலும் சேர்ந்தால் இடுக்குகள் அடைபடுகின்றன. அழுகும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருந்த பிராணவாயுவையும் செலவழித்துவிடுகின்றன. அதன்பின் அழுகிய முட்டை நாற்றமுடைய கந்தக வாயு தோன்றுகிறது. கப்பல் எண்ணெய் படிந்தாலும் நீரோட்டம் தடைப்படுகிறது. எண்ணெயின் நஞ்சும் சேர்கிறது.

எனினும், 'நத்தை இல்லை, ஆகவே அசுத்தம்' என்று உடனே தீர்ப்புக் கூறுவது தவறு. தூய மணலிலும் இவை ஓரிடத்தில் இருக்கும், பத்தடி தள்ளி இராது. மழைக்காலத்தில் நன்னீர் இறங்கினாலும், அலை மணலை அரித்தாலும் எண்ணிக்கை குறையும். 1981இல் ராஃபேலி, மேஸன் என்ற இரு விஞ்ஞானிகள், மணலிலுள்ள உருளைப்புழுக்களை, கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளோடு ஒப்பிட்டு, புழுவின் விகிதம் மிகுந்தால் அசுத்தம் எனக் கொள்ளலாம் என்றனர். மணலின் பருமனும் அவ்விகிதத்தை மாற்றுகிறது என்று பிறர் மறுத்தனர். எனவே ஒரே கரையில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ணிவருவதே நம்பத்தக்க வழி என்பது நம் கருத்து. எண்ணத் தெரிந்தவர்கள் வேண்டும். இப்பிராணிகளை இனம் பிரித்தறிவோர் எங்குமே சிலர்தாம்.

உருப்பெருக்கி இல்லாத நேயர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். நீர்விளிம்பருகே கையளவு பள்ளம் தோண்டினால் ஓர் ஆழத்தில் கரிய மணல் தென்படக்கூடும். ஆழத்தில் அது இருப்பது இயல்பே. முன்பு முழங்கையாழத்தில் இருந்த கருமை விரற்கடை ஆழத்துக்கு ஏறிவந்திருந்தால், அக்கரையில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று பார்க்கவேண்டும்.