அணைந்து அணைந்து எரியும் உலை

கிருலப்பனையிலே மின்விசிறியின் கீழ் அமர்ந்துகொண்டு, கனடா நாட்டு வீடுகளைச் சூடாக்கும் உலையைப் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆயினும் ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ ஓர் உறவினரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று கொழும்பில் அரிது. மார்கழி, தை மாதங்களில் அங்கிருந்து வரும் தொலைபேசிப் பேச்சிலே, பிள்ளைகளின் படிப்பு, ஊர்ப் புதினம் ஆகியவற்றோடு இவ்வுலையும் இடம்பெறுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், இங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு, என் தங்கை ஸ்காபரோவிலிருந்து பேசினாள். அங்கே அப்போது அதிகாலை மூன்றரை மணி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிர். "அண்ணா, இது மூன்றாம் தரம். இராத்திரியில நிண்டுபோகுது, விடிய ஆள் வந்து பார்க்கேக்க நல்லா எரியுது. எங்களுக்குத்தான் ஏதோ பிழை எண்டு நினைக்கினம்" என்றாள். முற்றாகப் பழுதான இயந்திரத்தைத் திருத்துவது எளிது. இடையிடையே பழுதாகி, வைத்தியன் வந்ததும் சுகமாகிவிடும் இயந்திரமே மனிதரைச் சோதிப்பது.

அவ்வுலையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. பெரும்பாலும் அது வீட்டின் நிலவறையில் இருக்கும். நம் நாட்டிலே போல் உருளையில் அடைத்த வாயுவன்று; வீதியின் கீழ்ச் செல்லும் குழாய் வழியே வரும் இயற்கை வாயு அதனுள் எரிகிறது. எரிந்த புகை ஒரு வழியாக வெளியே செல்லும். வீட்டுக் காற்றோ உலோகச் சுவருக்கு அப்பால், வேறொரு வழியாகச் சூடேறி அறைகளை அடையும். இவ்விரண்டும் ஒருபோதும் கலத்தலாகாது. புகைவழி அடைபட்டால் எரிதல் குறைவுபட்டு, காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமுமற்ற நஞ்சு பிறக்கும். ஆகவே, வழி திறந்திருக்கிறதென்று உறுதியான பின்னரே வாயுவைத் திறக்க வேண்டும். அவ்வுறுதியைத் தருவதே அமுக்க ஆளி. அங்குள்ளோர் 'பிரஷர் சுவிட்ச்' என்பர். உள்ளங்கையில் அடங்கும் சிறு வட்டப் பெட்டி அது.

உலை தொடங்கும்போது முதலில் ஒரு சிறு விசிறி சுழன்று புகையறையிலுள்ள வளியை வெளியே இழுக்கும். அந்த இழுப்பு, மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றின் வழியே ஆளியை அடைந்து, அதனுள் இருக்கும் மென்றகட்டை வளைக்கும். மென்றகடு வளைந்ததும் இரு மின்முனைகள் தொடும். அதன் பின்னரே தீமூட்டி பழுக்கும், வாயு திறக்கும். எரிந்துகொண்டிருக்கையில் இழுப்புக் குறைந்தாலும் முனைகள் பிரிந்து வாயு உடனே நின்றுவிடும். எவ்வளவு இழுப்பு வேண்டும் என வாசகர்கள் வினவலாம். இளநீர்க் குழலை வாயில் வைத்து இலேசாக உறிஞ்சுங்கள். நீர் ஓர் அங்குலம் ஏறுமன்றோ? அவ்வளவு மெல்லிய உறிஞ்சலே பல உலைகளுக்குப் போதும். அதனாற்றான் இதனை நீரின் அங்குலக் கணக்கிலே அளக்கிறார்கள். இத்துணை நுண்ணிய அளவை நம்பியிருக்கும் கருவிக்கு ஒரு துளி நீரும் பெரிய தடையே.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? நெருப்பிலிருந்துதான்! வகுப்பிலே மாணவர் நம்ப மறுக்கும் உண்மைகளுள் இதுவும் ஒன்று. இயற்கை வாயுவிலுள்ள ஐதரசன் ஒட்சிசனுடன் சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கன மீற்றர் வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீர் உண்டாகும். பழைய உலைகளில் இது சூடான புகையோடு ஆவியாகவே புகைபோக்கி வழியே போய்விடும். 2009 இன் இறுதியிலிருந்து தயாரிக்கப்படும் வீட்டு வாயு உலைகள் குறைந்தது 90 சதவீத வினைத்திறன் உடையனவாய் இருத்தல் வேண்டுமெனக் கனடா விதித்தது. அவ்வினைத்திறனை எட்டுவதற்கு, ஆவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பறித்துக்கொள்ள வேண்டும். எனவே புதிய உலைக்குள் நீர் சொட்டுகிறது. அது வடிவதற்குக் குழாயும் வளைவும் உண்டு. புகையும் குளிர்ந்துவிடுவதால், பிளாத்திக்குக் குழாயொன்று பக்கச் சுவர் வழியாக அதனை வெளியேற்றுகிறது.

தங்கையின் வீட்டிலே முதலில் வந்தவர் ஆளியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார். பத்து நாள் சுகம். பதினொராம் இரவு மீண்டும் அதே கதை. இதற்கிடையே நண்பர் ஒருவர், ஆளியின் இரு கம்பிகளையும் ஒன்றாய் முறுக்கிவிடும்படி யோசனை கூறினாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் அச்சம் உண்டாயிற்று. விசிறி சுழலுமுன் முனைகள் பிரிந்திருக்கின்றனவா என்று புதிய உலைகளின் மின்பலகை பார்த்துக்கொள்ளும்; முறுக்கியிருந்தால் உலை தொடங்காது. அதையும் ஏமாற்ற வழி சொல்வோர் உளர். அவ்வழியை நான் இங்கே எழுதப் போவதில்லை.

2008 டிசம்பரில், அதே ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரிலே, லோரி ஹோக்கின்ஸ் என்னும் பொலிஸ் உத்தியோகத்தரும் அவர் கணவரும் இரு பிள்ளைகளும் தம் வீட்டிலே பரவிய நஞ்சால் இறந்தனர். அங்கே காரணமாயிருந்தது இத்தகைய உலையன்று. வாயுவால் எரியும் கணப்படுப்பு. அதன் புகைவழி அடைபட்டு நஞ்சு உள்ளே திரும்பியது. வீட்டில் அதனை அறிவிக்கும் மணி இல்லை. 2013 இல் ஒன்ராறியோ சட்டசபை நிறைவேற்றிய, அம்மணியைக் கட்டாயமாக்கும் சட்டம் அக்குடும்பத்தின் பெயரையே தாங்கியது. தூக்கத்தைக் கெடுக்கும் ஆளியை வெறுப்போர் இதனை நினைத்தல் வேண்டும்.

நிற்க. நான் தங்கைக்குச் சொன்னது ஒன்றே: ஒரு கொப்பியை உலையருகே தொங்கவிடு. உலை நின்ற நேரம், வெளிக் குளிர், காற்று, பனி, அதற்கு முன் எவ்வளவு நேரம் எரிந்தது, பலகையிலுள்ள சிறு விளக்கு எத்தனை முறை மின்னியது, எல்லாவற்றையும் எழுது என்றேன். மின்னலின் பொருள் உலைக் கதவின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும். இரண்டு கிழமைக் குறிப்பிலே ஓர் ஒழுங்கு தெரிந்தது. காற்றுக்கும் பனிக்கும் தொடர்பில்லை. நீண்ட நேரம் எரிந்த பிறகே உலை நின்றது. மறுபடி எரிய மணிக்கணக்கு ஆயிற்று.

இரண்டாவதாக வந்த தொழில்நுட்பவியலாளர் அக்கொப்பியைப் படித்துவிட்டு நேரே வடிகுழாயிடம் சென்றார். வளைவிலே வெண்மையான வழுவழுப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. குளிர் மிகுந்த இரவில் நீர் வடிவதிலும் விரைவாகச் சேர்ந்து, இறப்பர்க் குழாயின் வாயை மறைத்துவிடும். உலை நின்றபின் மெல்ல வடிந்துவிடும். காலையில் வருபவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்! ஆளி முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் செய்த சோதனையும் அறியத்தக்கது. இழுப்பை அளக்கும் அமுக்கமானியைக் குழாயிலே பொருத்தி, அது காட்டும் அளவை ஆளியின்மேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டார். இழுப்பு அவ்வெண்ணைத் தாண்டியும் முனைகள் தொடாவிட்டால் மாத்திரமே ஆளி குற்றவாளி. இழுப்பே குறைந்திருந்தால் தடை வேறிடத்தில்: வெளிக்குழாயின் வாயை மூடிய பனி, குருவிக்கூடு, வெடித்த இறப்பர்க் குழாய், தளர்ந்த விசிறி. அளவு நடுங்குமாயின் குழாயில் நீர் நிற்கிறதென ஐயுறலாம். அளக்காமலே ஆளியை மாற்றுபவரிடம், அளந்தீரா என்று வீட்டுக்காரர் தயங்காது கேட்கலாம். காற்றுவடியை மாற்றினால் எல்லாம் தீரும் என்பாரும் உளர். வடி அடைபட்டால் நிறுத்துவது வேறோர் ஆளி. அது சூட்டைக் கவனிப்பது.

வீட்டார் தாமே செய்யக்கூடியவை சிலவே. வெளிக்குழாய்களின் வாயிலுள்ள பனியை அகற்றலாம். விளக்கின் மின்னலை எண்ணலாம். இறப்பர்க் குழாயை ஆளியோடு வைத்து ஊதலாகாது, மென்றகடு கிழியும். எஞ்சியவை, அங்கே அனுமதிப்பத்திரம் பெற்ற வாயுத் தொழில்நுட்பவியலாளருக்கு உரியவை. நஞ்சை அறிவிக்கும் மணி படுக்கையறைகளின் அருகே இருத்தல் வேண்டும். அது ஒலித்தால், உலையை ஆராய நிலவறைக்கு இறங்காமல் அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, அங்கிருந்தே 911 ஐ அழைக்க வேண்டும். குளிர்ச்சட்டைகளும் சப்பாத்துகளும் வாசலருகே இருந்தால் அந்நேரத்தில் தேட வேண்டியிராது.