யோசனை சொல்லும் தொழிலாளிக்கு என்ன பரிசு?

ஓர் இயந்திரத்தின் குறை அதை வாங்கிய முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். அதன் முன்னால் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும். குறையைத் தீர்க்கும் வழியும் பல நேரங்களில் அவர் மனதிலேயே இருக்கும். அதை வெளியே கொண்டு வருவது எப்படி?

அமெரிக்காவின் கோடாக் கம்பெனி 1898-ம் ஆண்டிலேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கத் தொடங்கியது. "ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவினால் வெளிச்சம் கூடும்" என்று சொன்னவருக்கு 2 டாலர் பரிசு கிடைத்தது. ஜப்பானில் டொயோட்டா 1951-ல் இத்தகைய திட்டத்தைக் கொண்டு வந்தது.

நம் நாட்டில் மத்திய அரசு 1965-ல் "ஷ்ரம்வீர்" தேசிய விருதை ஏற்படுத்தியது. பின்னர் அது "விஸ்வகர்மா ராஷ்டிரீய புரஸ்கார்" எனப் பெயர் மாறியது. உற்பத்தி, தரம், பாதுகாப்பு ஆகியவை உயர நல்ல யோசனை சொன்ன தொழிலாளர்களுக்கு உரிய விருதாக இது இருந்தது. இதன் பணிகளைக் கவனித்த மத்திய அலுவலகம், தாராவிக்குப் பக்கத்தில் சயானில் இருக்கிறது. 1980-ல் ஐதராபாத் 'பெல்' ஆலையில், தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடித் தங்கள் வேலையை ஆராயும் 'குவாலிட்டி சர்க்கிள்' முறை தொடங்கியது.

பயம் ஏன்?

இத்தனை இருந்தும் பல இடங்களில் யோசனைப் பெட்டி தூசி படிந்து கிடக்கிறது. காரணம் பயம். "நான் சொல்லும் யோசனையால் நாலு பேர் வேலை போய்விட்டால்?" என்ற பயம்.

மும்பைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் தறிகளை ஓட்டும் திட்டத்தை எதிர்த்து, 1928-ல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை பறிபோகும் என்றால் எந்தப் பரிசும் வாயைத் திறக்க வைக்காது.

என்ன செய்யலாம்?

யோசனையால் யாருக்கும் வேலை போகாது, வேலைப் பளுவும் கூடாது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தர வேண்டும். யோசனைக்குக் குறித்த நாளுக்குள் பதில் வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பாராட்டு மேஸ்திரிக்குப் போகாமல், சொன்னவர் பெயரிலேயே வர வேண்டும். கூட உழைத்தவர்களுக்கும் பரிசில் பங்கு வேண்டும். தேர்வுக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

தாராவியின் கதி

இன்னொரு குறையும் உண்டு. அரசு விருதுக்குப் பதிவு பெற்ற தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், துறைமுகம் போன்ற இடங்களில் வேலை செய்பவராக இருக்க வேண்டியிருந்தது. தாராவியின் சிறு தோல் பட்டறையில் புது மாதிரிப் பை தைத்துக் காட்டும் நம் பையனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அத்தகையோருக்கு 2000-ல் அமைந்த தேசியப் புதுமைக் கண்டுபிடிப்பு அறக்கட்டளை ஒரு வழி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த கோவை அருணாசலம் முருகானந்தம், மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்துக்காக அதன் விருதைப் பெற்றார். 2016-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தது.

செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா மேடையில் பேச்சாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அதில் ஒன்றை, பட்டறையில் புது வழி கண்ட ஒரு தொழிலாளிக்கும் போர்த்துங்கள். அவர் பெயரை ஊர் அறியட்டும்!