கடலுக்குள் புல் மேயும் பசு! மண்டபத்தில் ஓர் அதிசயம்

நத்தம்,

நத்தத்தில் இருந்து மதுரை வழியாக ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தை அரைக் கண்ணால்தான் பார்ப்பார்கள். பாம்பன் பாலம் எப்போ வரும் என்ற அவசரம்!

ஆனால் அந்தச் சின்ன ஊரின் கடலுக்குள் ஒரு தனி உலகமே இருக்கிறது. அங்கே பசு மேய்கிறது!

"அட, கடலுக்குள்ளே பசுவா?" என்று கேட்கிறீர்களா? ஆமாம், கடல் பசுதான். மீனவர்கள் அதை "ஆவுளியா" என்பார்கள்.

யானைக்கு உறவு!

ஆவுளியா மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. 3 மீட்டர் நீளம் வரை வளரும். எடை 400 கிலோவைத் தாண்டும்.

பேர்தான் பசு. உறவுமுறையோ யானையோடு!

கடலடியில் வளரும் புல்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை தின்னும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடும்.

அங்கேதான் ஆபத்து. வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துவிடும்!

கர்ப்பம் ஓராண்டுக்கு மேல். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்ட முடியாது.

முன்பு கறிக்காக இதை வேட்டையாடினார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குத் தடை போட்டது. இன்று இந்தியக் கடலில் சில நூறுதான் மிச்சம்.

21 தீவுகள்

மண்டபத்துக்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறுபக்கம் பாக் விரிகுடா. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949-ல் இந்த ஊருக்கு வந்தது. 1971-ல் கொச்சிக்குப் போனது. கிளை இன்றும் இங்கே இருக்கிறது.

பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. அந்தப் பாறையை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டித் தள்ளினார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. 2 தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன!

1986-ல் அரசு இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியது.

ஜிகர்தண்டாவும் பாசியும்

மதுரை போனால் ஜிகர்தண்டா குடிக்காமல் வருவோமா? அதில் போடும் கடல்பாசி, கடலில் விளையும் பாசியில் இருந்து எடுப்பதுதான். அந்தப் பாசியைக் கடலில் மூழ்கிப் பறிப்பவர்கள் இந்தக் கரையோரத்துப் பெண்கள்.

விரலில் துணிச் சுற்று. கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருந்து பாசியைக் கையால் பறிப்பார்கள். பாறை காலைக் கிழிக்கும்.

தீவுகள் பூங்கா ஆனதும் இவர்கள் வயிற்றில் அடி விழுந்தது. "தீவுப் பக்கம் வராதே" என்று தடை. தலைமுறை தலைமுறையாகப் போன இடத்துக்குப் போனால் குற்றம்!

உயிரினத்தைக் காப்பது நியாயம். உலை வைக்கக் கேட்பதும் நியாயம்தானே?

தாங்களே போட்ட சட்டம்

பெண்கள் வெறுமனே சண்டை போடவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். "மாதம் 12 நாள்தான் பாசி எடுப்போம். பாசி வளரும் காலத்தில் 45 நாள் கடலில் இறங்க மாட்டோம்" என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக் கொண்டார்கள்.

அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி. 2015-ல் அமெரிக்காவில் உள்ள "சீகாலஜி" அமைப்பு அவருக்குப் பரிசு கொடுத்தது. பாசி பறித்த கைக்கு உலகப் பரிசு!

வலையை அறுத்தார்கள்

பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல்!

ஆனால் பாதுகாப்பு காகிதத்தில் இல்லை, மீனவர் கையில் இருக்கிறது. வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்து விடுகிறார்கள். வலை போனால் நஷ்டம். அப்படியும் அறுக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசு தருகிறது.

கடலடியை அரித்துக் கொண்டு போகும் இழுவை மடி மட்டும் கடல் புல்லைச் சும்மா விடுவதில்லை. புல் போனால் பசு போகும். அந்தப் புல்லுக்குள் வளரும் மீன் குஞ்சும் போகும். கடைசியில் கஷ்டம் மீனவருக்குத்தான்.

அடுத்த தடவை ராமேசுவரம் போகும்போது, மண்டபம் வந்ததும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

ஆவுளியா கண்ணில் படாது. ஆனால் பாசியை உலர்த்தும் பெண்கள் படலாம்!